பாறையின் நாடி

நுழையும்முன்

இயற்கையின் சீற்றத்தை மனிதரால் தடுக்க இயலாது. ஆயினும், அது வருமுன் காட்டும் குறிப்புகளை உரிய காலத்தில் உணர்ந்துகொண்டால் உயிர்களைக் காக்க இயலும். எரிமலை பொங்குவதற்கு முன்பு பெரும்பாலும் அதன் அடிநிலம் சிறுசிறு அதிர்வுகளால் தன் நிலையைத் தெரிவிக்கிறது. அந்த அதிர்வுகளை எவ்வாறு கேட்பது? அவை எல்லாம் வெடிப்பின் முன்னறிவிப்புதாமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

மண்டகப்பட்டின் பாறை

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட சிற்றூர் மண்டகப்பட்டு. இங்குள்ள குன்றின் ஒரு பக்கத்தைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதுவுமின்றி இக்கோயில் அமைக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் அதன் தூண்களும் வாயிற்காவலர் சிற்பங்களும் நிலைத்து நிற்கின்றன.

கல்லில் பணிபுரியும் தச்சர், கல்லைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு அதன் தன்மையை அறிவர். கணீரென்று ஒலிப்பது உறுதியான கல். மழுங்கி ஒலிப்பது உள்ளே விரிசல் கொண்ட கல். கண்ணுக்குப் புலப்படாத பாறையின் உட்பகுதியைச் செவியால் அறியும் கலை இது. இன்றைய எரிமலை ஆய்வாளர் செய்வதும் இதைப் போன்றதே. தச்சர் கல்லைத் தட்டிக் கேட்கிறார். ஆய்வாளரோ பல கல் ஆழத்தில் பாறை தானாகவே உடையும் ஒலிக்காகக் காத்திருக்கிறார்.

செஞ்சி வட்டாரத்துக் கருங்கல் குன்றுகளுக்கும் எரிமலைக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இக்கருங்கல், புவிக்கடியில் உருகிய பாறைக்குழம்பாக இருந்தது. அது நிலப்பரப்பை அடைந்து வெளியே வழியவில்லை. ஆழத்திலேயே தங்கி, மிக மெதுவாகக் குளிர்ந்து, பெரிய படிகங்களைக் கொண்ட கல்லாக இறுகியது. மேலிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் அரிக்கப்பட்ட பின்னரே இக்குன்றுகள் வெளிப்பட்டன. பாறைக்குழம்பு மேலெழுவது எப்போதும் வெடிப்பில் முடிவதில்லை என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்று இது. இப்பாடத்தின் மையக்கருத்தும் இதுவே.

நிலநடுக்கத் திரள்

புவியின் மேலோடு பல தட்டுகளாக அமைந்துள்ளது. தட்டுகள் ஒன்றோடொன்று உராயும்போது சேர்ந்த இறுக்கம் திடீரென விடுபட்டால் நிலநடுக்கம் உண்டாகிறது. பொதுவாகப் பெரிய நடுக்கம் ஒன்று நிகழ்ந்தபின், அதைவிடச் சிறிய பின்னதிர்வுகள் தொடர்ந்து வந்து, நாளடைவில் குறைந்து ஓய்ந்துவிடும்.

சில வேளைகளில் இவ்வொழுங்கு காணப்படுவதில்லை. ஏறத்தாழ ஒத்த அளவுடைய பல நடுக்கங்கள், ஒரே பகுதியில், சில நாள்களோ சில வாரங்களோ தொடர்ந்து நிகழ்கின்றன. அவற்றுள் எதையும் முதன்மை நடுக்கம் என்று தனித்துக் கூற இயலாது. இத்தகைய தொகுதியை நிலநடுக்கத் திரள் என்பர்.

எரிமலைக்கு அடியில் இத்திரள் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. பாறைக்குழம்பு தன்னைச் சுற்றியுள்ள திண்ணிய பாறையைவிட அடர்த்தி குறைந்தது. எனவே, மேலெழ முயல்கிறது. வழி இல்லாத இடத்தில் பாறையைப் பிளந்து வழி உண்டாக்குகிறது. ஒவ்வொரு பிளவும் ஒரு சிறு நடுக்கமாகப் பதிவாகிறது. பாறை உடைவதால் எழும் அதிர்வு கூர்மையாகவும் விரைவாகவும் இருக்கும். திறந்த பிளவுகளின் வழியே குழம்போ வளிமமோ பாயும்போது எழும் அதிர்வு மெதுவானதாகவும் நீண்டதாகவும் இருக்கும். பதிவுக்கருவி வரையும் கோடுகளைக் கொண்டு பயிற்சி பெற்ற ஆய்வாளர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவார்.

எண்ணிக்கையைக் காட்டிலும் இடமே முதன்மையானது. நடுக்கங்கள் தோன்றும் ஆழம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், குழம்பு மேல்நோக்கி நகர்கிறது எனக் கருதலாம். ஒரே ஆழத்தில் நின்றுவிட்டால், அது தன் பயணத்தை நிறுத்தியிருக்கக்கூடும்.

அந்தமான் கடல் கற்பித்த பாடம்

இந்தியாவில் உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு ஆகும். இந்தியத் தட்டு பர்மியத் தட்டுக்கு அடியில் செல்லும் எல்லைப்பகுதியை ஒட்டி இத்தீவு அமைந்துள்ளது. தலைநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவில் மக்கள் குடியிருப்பு இல்லை. 1787-ஆம் ஆண்டு இதன் வெடிப்பு முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் நெடுங்காலம் அமைதியாக இருந்த இம்மலை, 1991-இல் மீண்டும் பொங்கியது.

2004 திசம்பர் 26-ஆம் நாள் சுமத்திராவுக்கு அருகே தொடங்கிய பெருநடுக்கத்தையும் அதனால் எழுந்த ஆழிப்பேரலையையும் தமிழகக் கடற்கரை மறக்க இயலாது. அது நிகழ்ந்து ஒரு மாதம் கழிந்தபின், 2005 சனவரி 26 முதல் சில நாள்கள், நிக்கோபார்த் தீவுகளை ஒட்டிய அந்தமான் கடலடியில் மாபெரும் நிலநடுக்கத் திரள் ஒன்று ஏற்பட்டது. 5 அளவும் அதற்கு மேலும் கொண்ட நடுக்கங்கள் மட்டுமே நூற்றைம்பதுக்கு மேற்பட்டிருந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் பேரன் தீவு எரிமலை பொங்கியது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், திரள் முன்னறிவித்தது, எரிமலை வெடித்தது என்று எளிதில் முடிவுகட்டிவிடக்கூடும். ஆனால், நிலப்படத்தை நோக்கினால் அம்முடிவு நிலைபெறாது. திரள் எழுந்த இடத்திற்கும் பேரன் தீவுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு உள்ளது. திரளுக்குக் காரணமான குழம்பே அத்தீவில் வெளிப்பட்டது என்று கூற இயலாது. முன்னர் நிகழ்ந்தது என்பதனாலேயே ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்வது அறிவியல் நெறி ஆகாது.

பின்னாளில் இந்திய ஆய்வாளர்கள் அந்தமான் கடலின் தரையிலேயே பதிவுக்கருவிகளை இறக்கி வைத்தனர். 2014 மார்ச்சு மாதத்தில் நிக்கோபார் அருகே எழுந்த ஒரு திரளை அவை பதிவு செய்தன. அப்பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கடலடியில் பாறைக்குழம்பு நகர்ந்ததே அத்திரளுக்குக் காரணம் எனக் கண்டனர். தொலைவிலிருந்து ஊகித்ததை அருகிலிருந்து கேட்டுத் தெளிந்த முறை இது.

தெரிந்து தெளிவோம்

எரிமலை இல்லாத இடங்களிலும் நிலநடுக்கத் திரள் தோன்றும். மகாராட்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பர் முதல் தொடர்ந்து பல சிறு நடுக்கங்கள் உணரப்பட்டன. அங்கு எரிமலை எதுவும் இல்லை. எனவே, திரள் எழுந்த இடத்தின் நிலவியலை அறியாமல் அதன் பொருளை அறிய இயலாது.

பல குறிப்புகளும் ஒரு முடிவும்

காய்ச்சல் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. மருத்துவர் நாடியைப் பார்க்கிறார். நாவையும் கண்ணையும் நோக்குகிறார். முன்பு இருந்த உடல்நிலையைக் கேட்டறிகிறார். அதன்பின்பே நோய் இன்னதெனத் துணிகிறார். எரிமலை ஆய்வும் அத்தகையதே. குழம்பு மேலெழும்போது மலையின் சரிவு சற்றே புடைக்கிறது. அம்மாற்றம் சில மில்லிமீட்டர் அளவினதாயினும் செயற்கைக்கோள் வழி அளக்கப்படுகிறது. குழம்பில் கரைந்துள்ள வளிமங்கள் வெளியேறுவதால் கந்தக டைஆக்சைடின் அளவு மிகுகிறது. ஊற்றுநீரின் வெப்பமும் மாறக்கூடும். இவை யாவும் திரளோடு சேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போது முன்னறிவிப்பு வலுப்பெறுகிறது.

இதற்கு மலையின் இயல்புநிலை முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். நலமாக உள்ள நாளில் நாடி எவ்வாறு துடிக்கும் என்று அறியாதவர், நோயுற்ற நாளின் துடிப்பை எதனோடு ஒப்பிடுவார்? ஆகவேதான், மலை அமைதியாக உள்ள ஆண்டுகளிலும் பதிவுக்கருவிகள் இயங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

கேட்ட எச்சரிக்கையும் கேளாத எச்சரிக்கையும்

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் நெவாடோ தெல் ரூயிசு பனி மூடிய எரிமலை. 1984-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே அங்கு நடுக்கங்கள் உணரப்பட்டன. 1985 அக்டோபரில் இடர்ப்பகுதிகளைக் காட்டும் வரைபடமும் உருவாக்கப்பட்டது. ஆயினும், மக்களை வெளியேற்றும் முடிவு உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை. நவம்பர் 13-ஆம் நாள் இரவு மலை வெடித்தது. உருகிய பனியும் சாம்பலும் சேற்றுப்பெருக்காகப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தன. வெடிப்புக்கும் அச்சேறு அர்மேரோ நகரை அடைந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அருகிலிருந்த மேட்டுநிலத்துக்கு நடந்தே சென்றிருந்தாலும் பலர் பிழைத்திருப்பர். ஏறத்தாழ 23,000 பேர் உயிரிழந்தனர். குறிப்புகள் இல்லாமையால் நேர்ந்த இழப்பன்று இது. குறிப்பு செயலாக மாறாமையால் நேர்ந்த இழப்பு.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் பிலிப்பைன்சு நாட்டில் வேறொரு முடிவு கிட்டியது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உறங்கிய பினதூபோ மலையில் 1991 ஏப்ரல் 2-ஆம் நாள் நீராவி வெடித்தெழுந்தது. அந்நாட்டு ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் விரைந்து பதிவுக்கருவிகளை நிறுவினர். நடுக்கங்கள் நாள்தோறும் தொடர்ந்தன. மே மாத நடுவில் ஒரு நாளைக்கு 500 டன்னாக இருந்த கந்தக டைஆக்சைடு, இரண்டே வாரங்களில் பத்து மடங்காயிற்று. சூன் தொடக்கத்தில் நடுக்கங்களின் இடம் மலையின் உச்சிக்கு நேர்கீழே மாறியது. ஐந்து படிநிலைகளைக் கொண்ட எச்சரிக்கை முறை வகுக்கப்பட்டது. எரிமலையின் கொடுமையைக் காட்டும் ஒளிப்படக்காட்சி மக்களுக்கும் அலுவலர்க்கும் காட்டப்பட்டது. பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். சூன் 15-ஆம் நாள், இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளுள் ஒன்று அங்கு நிகழ்ந்தது. அதே நாளில் வீசிய புயலின் மழையால் கனத்த சாம்பல், கூரைகளைச் சரித்துப் பலரைக் கொன்றது. எனினும், முன்னறிவிப்பு குறைந்தது ஐயாயிரம் உயிர்களைக் காத்தது என மதிப்பிடப்பட்டுள்ளது.

வெடிக்காத மலை

இவ்விரண்டையும் கற்ற மாணவர், ஐயம் தோன்றிய உடனே அனைவரையும் வெளியேற்றிவிடலாமே என்று கேட்கக்கூடும். 1976-இல் கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அவ்வாறே செய்யப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் சில மாதங்கள் தம் வீடுகளை விட்டு விலகியிருந்தனர். நீராவி வெடிப்புகளுக்கு அப்பால் பெருவெடிப்பு நிகழவில்லை. பயிரும் தொழிலும் கல்வியும் பாதிக்கப்பட்டன. ஆய்வாளர்களிடையே கடும் கருத்துவேறுபாடு எழுந்தது.

'புலி வருது, புலி வருது' என்னும் கதையை நாம் அறிவோம். பலமுறை வராத புலி, மக்கள் நம்பாத நாளில் வந்துவிடுகிறது. ஆனால், ஆய்வாளர் அக்கதையின் சிறுவர் அல்லர். அவர் பொய்யுரைக்கவில்லை, புதரின் அசைவைக் கண்டு சொன்னார். அசைந்தது உண்மை. புலி வெளிவராமல் திரும்பியதும் உண்மை. செஞ்சியின் கருங்கல்லாக இறுகிய குழம்பைப் போல, அங்கும் குழம்பு ஆழத்திலேயே தங்கிவிட்டது எனலாம்.

காத்திருத்தலும் இதனோடு சேர்ந்ததே. ஐசுலாந்தின் கிரிண்டாவிக் நகரில் 2023 நவம்பர் 10-ஆம் நாள் எழுந்த திரளைக் கண்டு, ஏறத்தாழ நாலாயிரம் மக்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். மறுநாள் எதுவும் வெடிக்கவில்லை. ஐந்து வாரங்கள் கடந்து, திசம்பர் 18-ஆம் நாள் நகருக்கு அருகே நிலம் பிளந்து குழம்பு வெளிப்பட்டது. அடுத்த சனவரியில் குழம்பு நகரின் எல்லைக்குள் புகுந்து சில வீடுகளை எரித்தது. அவ்வீடுகளில் அப்போது மனிதர் இல்லை.

செவியும் சொல்லும்

ஆகவே, நிலநடுக்கத் திரள் ஒரு குறிப்பே அன்றித் தீர்ப்பு அன்று. 'உறுதியாக வெடிக்கும்' என்றும் 'அஞ்ச வேண்டா' என்றும் கூறுவது எளிது. 'வெடிக்கக்கூடும், எந்த அளவுக்கு வாய்ப்பு உண்டு என்பது இது, செய்ய வேண்டியது இது' என்று கூறுவதே அரிது. அவ்வாறு கூறும் துணிவு அறிவியலர்க்கு வேண்டும். அதனைச் செயலாக்கும் விரைவு ஆட்சியாளர்க்கு வேண்டும். வெடிக்காமல் போன நாளில் எச்சரித்தவரை எள்ளாத முதிர்ச்சி மக்களுக்கு வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் பதிவுக்கருவியின் கோடுகள் வெறும் கோடுகளாகவே நின்றுவிடும்.

மண்டகப்பட்டுக்குச் செல்லும்போது அக்குடைவரையின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கை உணரும் குளிர்ந்த கல், முன்னொரு காலத்தில் உருகி ஓடிய குழம்பு. அது ஆழத்திலேயே தங்கிவிட்டது. உலகின் வேறு மலைகளின் கீழ் இன்றும் குழம்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. அது தங்குமா, பொங்குமா என்பதை அறிய, அங்கெல்லாம் யாரோ ஒருவர் இரவும் பகலும் செவிகொடுத்துக் காத்திருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள குன்று, பாறை ஆகியவற்றின் வகையைப் புவியியல் ஆசிரியரின் துணையோடு அறிந்து குறிப்பு எழுதுக.

2. புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, புயல் திசைமாறிச் சென்ற பின் மக்கள் பேசுவதை நினைவுகூர்ந்து, 'பொய்த்த எச்சரிக்கை வீணான எச்சரிக்கையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

சிந்தனை வினாக்கள்

1. நிலநடுக்கத் திரள், பின்னதிர்வுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

2. 2005-ஆம் ஆண்டின் அந்தமான் கடல் திரளையும் பேரன் தீவு வெடிப்பையும் காரணகாரியமாக இணைப்பது ஏன் பொருந்தாது?

3. அர்மேரோ, பினதூபோ, குவாதலூப் ஆகிய மூன்று நிகழ்வுகளையும் ஒப்பிட்டு, முன்னறிவிப்பின் பயன் எவற்றைச் சார்ந்தது என்பதை விளக்குக.