அரளிச் செடியும் வீட்டின் பாதுகாப்பும்

பூஜைக்குரிய மலரின் பொருட்டுச் செவ்வரளியையும் வெள்ளரளியையும் முற்றத்திலும், மஞ்சளரளியை வேலியோரத்திலும் வளர்ப்பது கிராமங்களில் வழக்கம். இவை வறட்சியைத் தாங்கிச் செழிப்பன. ஆயினும் இலை, பூ, பட்டை, வேர், வித்து ஆகிய எல்லாப் பாகங்களும் விஷமுடையவை. இவ்விஷம் இருதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரையும் போக்க வல்லது.

பச்சையிலை கசப்பாகையால் கால்நடைகள் பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை. அபாயம் விளைவது செடியைக் கத்தரித்த பிறகேயாம். உலர்ந்த சருகிலும் விஷம் நீங்குவதில்லை. அது வைக்கோலுடன் கலந்துவிட்டால் மாடு பிரித்தறியாமல் தின்றுவிடும். மஞ்சளரளிக் காயையோ குழந்தைகள் விளையாட்டாக எடுப்பர். அதனுள்ளிருக்கும் வித்து மிகக் கொடியது.

ஆகையால் கவனிக்க வேண்டியவை:

1. தொழுவம், வைக்கோற்போர், தண்ணீர்த்தொட்டி இவற்றினருகே அரளி நடலாகாது.

2. கத்தரித்த கிளைகளை அன்றே திரட்டி ஆழப் புதைத்தல் வேண்டும். எரித்தலாகாது, புகையும் தீங்கு செய்யும்.

3. மஞ்சளரளிக் காய்களை உதிருமுன் அகற்றுக. பள்ளிக்கூட வளைவுகளில் இச்செடி இராதபடி கிராம உத்தியோகஸ்தர்கள் பார்த்துக்கொள்வது நலம்.

4. குழந்தை தின்றுவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தி எடுப்பிக்கலாகாது. தின்ற செடியின் துண்டுடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுக. முதலில் நலமாகத் தோன்றினும் பின்னர் இருதயம் தளரக்கூடும். மாடு தின்றால் கால்நடை வைத்தியரைத் தாமதமின்றி அழைக்க.

மலர் விற்று வருவாய் பெறுவோர் அரளியை அறவே ஒழிக்க வேண்டுவதில்லை. வீட்டையும் தொழுவத்தையும் விட்டு விலக்கி நடுவதே போதுமான காவலாம்.