முதல் பரிசோதனை உங்கள் கணவருக்கு

கேள்வி: எனக்கு 38 வயது, கணவருக்கு 43. கல்யாணமாகி இரண்டரை வருஷம் ஆகிறது. மணப்பாறையில் முறுக்கு போட்டு விற்கிறோம். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது முழுக்க அவர்தான். எனக்கு மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறது. ஊசி, டெஸ்ட் டியூப் என்று போகாமல் சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றியே குழந்தை பெற வழி உண்டா? மாமியார் லேகியம் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு வருஷம் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம், மணப்பாறை

பதில்: வழி உண்டு, சகோதரி. ஆனால் அந்த ஒரு வருஷத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைமுட்டைகள் அத்தனையும் கூடவே பிறந்துவிடுகின்றன. அப்போது பத்து முதல் இருபது லட்சம் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகும். 37 வயதையொட்டிச் சுமார் 25,000 மிஞ்சும். புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. மிஞ்சியிருக்கும் முட்டைக்கும் உங்கள் வயதுதான். கீரையோ பேரீச்சையோ லேகியமோ அதைக் குறைக்காது. 30 வயதில் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றால், 40 வயதில் அது இருபதில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. நீங்கள் இரண்டுக்கும் நடுவில், 40-க்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அதனால்தான் நாளைக் கடத்தாதீர்கள் என்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவரின் வயது இருக்கிறது, வேலை இருக்கிறது. அவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்ததாக ஒரு வரி இல்லை. லேகியமும் உங்களுக்குத்தான் வந்திருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆணிடமும் குறை இருக்கிறது. பரிசோதனைகளிலேயே எளிதானதும் வலியில்லாததும் அவருடையதுதான். அது முடியும் முன்பே மனைவியைப் படுக்கவைத்துக் கருக்குழாயைச் சோதிப்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பழக்கத்தை மாற்றினால் பலன் கிடைப்பதும் அவரிடம்தான் அதிகம். முட்டை போலன்றி விந்தணு தினமும் புதிதாக உருவாகிறது. ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். இன்று திருத்தும் பழக்கம் மூன்று மாதத்தில் தெரியும். விரைப்பை உடம்புக்கு வெளியே இருப்பதே, உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்கத்தான். இடுப்பு உயர அடுப்பின் முன் தினமும் பல மணி நேரம் நிற்பவருக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்காமல் போகலாம். வேலையை விடச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு அவர் மாவு பிசையட்டும், பாக்கெட் போடட்டும். சட்டியை வேறு ஆள் பார்க்கட்டும். முடியாவிட்டால் மணிக்கொரு முறை விலகிக் காற்றாட நிற்கட்டும். தளர்வான பருத்தி உடை போதும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, குடி எதுவானாலும் அடியோடு நிறுத்த வேண்டும். "ஆண்மைக்கு" என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அடுத்தது நாள். 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 221 பெண்களைக் கவனித்து, கருத்தரிக்கும் நாட்கள் மாதத்தில் ஆறுதான் என்று காட்டியது. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 28 நாள் சுற்றில், விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 9-ஆம் நாள் முதல் 16-ஆம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகத் திரவம் கசிந்தால் அதுவே நல்ல அடையாளம். தீபாவளி ஆர்டர் நேரத்தில் இருவரும் விடிய விடிய உழைத்து அசந்து தூங்கிவிடுவீர்கள். அந்த மாதத்திலும் இந்த எட்டு நாளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு: ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள், தினம் 400 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் மாத்திரை சர்க்கரை நோய், வலிப்பு மருந்து போன்ற காரணம் உள்ளவர்களுக்கு. மருத்துவர் சொன்னால் மட்டும். எடை கூடுதலாக இருந்தால் சிறிது குறைத்தாலும் நல்லது. ரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். அளவு குறைவு என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள்; அது குறைந்திருப்பதால் மட்டுமே இயற்கையாகக் கருத்தரிக்க முடியாது என்றாகாது.

லேகியம் வேண்டாம். பெயரும் சேர்மானமும் எழுதாத மருந்துகளில் ஈயம், பாதரசம் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். அத்தையிடம் நான் மறுத்ததாகவே சொல்லுங்கள். சித்த மருத்துவத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தால் அரசு சித்த மருத்துவரிடம் அழைத்துப் போய்க் கேளுங்கள்.

35 வயது தாண்டிய பெண் ஆறு மாதம் முயன்றும் ஆகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதைக் கடந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பழக்கத்தை மாற்றுவதும் பரிசோதனையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே மகளிர் பிரிவுக்கு இருவருமாகப் போங்கள். கணவர் அதற்கு முன் இரண்டு நாளாவது, ஏழு நாளுக்கு மிகாமல், உறவைத் தவிர்த்திருக்கட்டும். விந்தணுவைப் பரிசோதிக்க அந்த இடைவெளி தேவை.