சைகையும் உரிமையும்

செவியாற் பெறும் அறிவைச் செல்வங்களுட் சிறந்ததாகப் போற்றுவது தமிழ் மரபு. வள்ளுவனார் கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயின், செவி கேளாதார் கல்விக்கும் ஆட்சிக்கும் உரியரல்லரோ என்னும் வினா ஈண்டு எழுகின்றது. அதற்கு அமெரிக்க நாட்டு மாணாக்கர் தம் செயலால் விடை பகர்ந்தனர். அவ்வரலாற்றைச் சுருங்க ஆராய்வாம்.

வாஷிங்டன் நகரில் செவி கேளாதார்க்கென அமைந்தது காலடெட் பல்கலைக்கழகம். பட்டம் வழங்கும் உரிமையை அது 1864-ஆம் ஆண்டில், ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தாற் பெற்றது. அதன்பின் 124 ஆண்டுகள் அதன் தலைவராய் அமர்ந்தோர் யாவரும் செவி கேட்போரே. 1988 மார்ச்சு 6-ஆம் நாள் ஆட்சிக் குழுவினர் புதிய தலைவரைத் தெரிந்தனர். இறுதியில் நின்ற மூவருள் இருவர் செவி கேளாதார். அவ்விருவரையும் விலக்கி, சைகைமொழி அறியாத எலிசபெத் சின்சர் அம்மையாரையே நியமித்தனர்.

மறுநாள் மாணாக்கர் கழகத்தின் வாயில்களை அடைத்தனர். கிரெக் ஹிலிபாக் முதலிய மாணவர் நால்வர் முன்னின்றனர். செவி கேளாதார் ஒருவரே தலைவராதல் வேண்டும். குழுத் தலைவி பதவி விலகல் வேண்டும். குழுவில் 51 விழுக்காட்டினர் செவி கேளாதாராதல் வேண்டும். போராடினோர் எவரையும் ஒறுத்தல் கூடாது. இவையே அவர்தம் கோரிக்கைகள். இவற்றுள் இரக்கம் வேண்டியது ஒன்றேனும் உண்டோ? தம்மைத் தாமே ஆளும் உரிமையையன்றோ வேண்டினர்!

அன்று அவைக்கு வந்த குழுத் தலைவி, இரைச்சலிற் பேச இயலவில்லை என்றார். சைகையாற் பேசின் எமக்கு நன்கு விளங்குமே என்றனர் மாணாக்கர். நூறு பக்க நூல் விளக்கவொண்ணாத பொருளை அவ்வொரு விடை விளக்கிற்று. குறை அவர் செவியில் இல்லை. அவர் மொழியைக் கல்லாது அவரை ஆளப் புகுந்தார்பால் உளது.

ஒரு வாரத்துள் சின்சர் அம்மையார் விலகினார். குழுத் தலைவியும் விலகினார். மார்ச்சு 13-ஆம் நாள், இருபத்தோராம் அகவையிற் செவிப்புலன் இழந்த கிங் ஜோர்டன் என்பார் தலைவராயினார். நான்கு கோரிக்கைகளும் நிறைவேறின.

நாம் அவரைச் 'செவி கேளாதார்' என இன்மை பற்றியே பெயரிடுகின்றோம். அவருட் பலரோ, ஆங்கிலத்தில் அப்பெயரின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக வரைந்து, தமக்கென மொழியும் பண்பாடும் உடைய ஓர் இனம் யாம் என்கின்றனர். இன்மையைக் குறித்த சொல்லே உடைமையைக் குறிக்கும் பெயராயிற்று.

எனினும், இனவுணர்வு ஒன்றே தலைமைக்குப் போதியதன்று. 2006-ஆம் ஆண்டில் அதே கழகத்திற்குத் தலைவராகத் தெரியப்பெற்ற ஜேன் பெர்னாண்டஸ் அம்மையார் செவி கேளாதவரே. ஆயினும் மாணாக்கர் எதிர்த்தனர். பிறவியிலேயே செவி கேளாராயினும் சைகைமொழியைப் பிற்காலத்தே கற்றமையால் வெறுக்கப்பெற்றார் என்றனர் ஒரு சாரார். தெரிந்த முறையும் ஆட்சித் திறனும் பற்றியே எதிர்க்கின்றோம் என்றனர் மற்றொரு சாரார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் நியமனம் நீக்கப்பட்டது. 'எம்மவர்' யார் என்னும் வினா உரிமை பெற்றபின்னும் ஓய்வதில்லை என்பதை இதனால் அறிகின்றோம்.

தாய்மொழியாற் கல்வி வேண்டும், தம் மொழி அறிந்தாரே தம்மை ஆளவேண்டும் என்று வாதித்தோர் தமிழர். ஆதலின் கைகளாற் பேசுவோர் அதனையே வேண்டுங்கால், அவ்வழக்கின் நியாயம் நமக்கு எளிதில் விளங்கும். அவர்தம் மொழியில் நாற்சொல்லேனும் கற்றல், செவியுடைய மாணாக்கராகிய நம் கடனாம்.