கணிப்பொறிக்கும் உண்டு முகத்தல் அளவை

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எழுத்தறியாத என் பாட்டி சாமை அளக்கும்போது இதில் ஒரு நாளும் தடுமாறியதில்லை. கணிதம் பயிலும் நானோ, இதைவிட எளியதோர் அளவையில் தடுமாறி, உதவித்தொகையையே இழக்க இருந்தேன். அதைச் சொல்லிவிட்டே பாடத்திற்குள் செல்கிறேன்.

நான் முதலாண்டு பயின்றபோது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் அது. சான்றிதழின் படம் 200 கே.பி.க்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பது விதி. கைப்பேசியில் நான் எடுத்த படமோ 1.9 எம்.பி. இருநூறைவிட 1.9 சிறியதுதானே என்று அனுப்பினேன். ஜமுனாமரத்தூரில் அன்று சிக்னல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் காத்திருந்தால் ‘ஏற்கப்படவில்லை’ என்று வரும். மாலை வரை சிக்னலையே திட்டிக்கொண்டிருந்தேன். எண்ணைப் பார்த்தேனே தவிர அலகைப் பார்க்கவில்லை. ஒன்றேகால் படிச் சாமையை ஓர் ஆழாக்கில் கொட்ட முயன்ற கதைதான் அது.

இனிப் பாடத்திற்கு வருவோம். கணிப்பொறி அறிந்த மிகச் சிறிய அளவு பிட். அது 0 அல்லது 1. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டு ஆழாக்கு ஒரு படியாவது போல. 1024 பைட் ஒரு கிலோபைட். 1024 கிலோபைட் ஒரு மெகாபைட். 1024 மெகாபைட் ஒரு ஜிகாபைட். பத்து முறை இரட்டித்தால் 1024 வரும். பெரிய அலகிலிருந்து சிறியதற்கு இறங்கினால் பெருக்குக; ஏறினால் வகுக்க.

என் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1.9 × 1024 = 1945.6 கே.பி. அனுமதித்ததைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு! விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் இதைக் காட்டிய பின், படத்தின் நீளத்தையும் அகலத்தையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்காகும். தோராயமாக 216 கே.பி. அதுவும் மிகுதியே. நான்கில் ஒரு பங்காக்கினால் பதினாறில் ஒன்று, 122 கே.பி. அளவில் நிற்கும். அன்றிரவு பதினொரு மணிக்கு விண்ணப்பம் ஏறியது.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா என்பது அடுத்த சிக்கல். ‘கிலோ’ என்றால் உலகெங்கும் ஆயிரம். கணிப்பொறிக்காரர்கள் 1024-ஐயும் அதே பெயரால் அழைத்துவிட்டார்கள். முன்னாளில் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து மெட்ரிக் முறையை நிலைநாட்ட வேண்டியதாயிற்று. இங்கும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1024-க்குக் கிபிபைட், அதற்கு மேல் மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப்பெயர் வகுத்தது. ஆனால் கடைத்தெருவில் அப்பெயர்களைக் கேட்டவர் எத்தனை பேர்? 500 ஜி.பி. என்று விற்கப்படும் வட்டில் 50,000 கோடி பைட் உண்டு. விண்டோஸ் அதை 1024-ஆல் மும்முறை வகுத்து 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம். கிலோவில் 2.4 விழுக்காடாக இருக்கும் வேறுபாடு ஜிகாவில் 7.4 ஆக வளர்ந்துவிடுகிறது, அவ்வளவே. பழைய நெகிழ்வட்டின் ‘1.44 எம்.பி.’ இன்னும் வேடிக்கை. அதன் கொள்ளளவு 14,74,560 பைட். ஒரு முறை ஆயிரத்தாலும் மறுமுறை 1024-ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும்!

நம் ஜவ்வாது மலையிலேயே, காவலூரில் கடல் மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட அதன் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒளிப்படத் தகடுகள் இருந்த இடத்திற்குப் பின்னர் சி.சி.டி. என்னும் மின்னணுச் சில்லு வந்தது. அங்குப் பயன்பட்ட ஒரு சில்லில் 1024 வரிசை, வரிசைக்கு 1024 புள்ளி. ஒரு புள்ளியின் ஒளியளவைக் குறிக்க 2 பைட் எனக் கொண்டால், ஒரு படத்திற்கு 20,97,152 பைட். அதாவது மிகச் சரியாக 2 மெபிபைட். விண்மீன் கூட்டத்தின் ஒரே ஒரு படம்கூட அந்த நெகிழ்வட்டில் அடங்காது.

தமிழ் எழுத்துக்கும் கணக்கு உண்டு. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘ஜமுனாமரத்தூர்’ என்பதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து எட்டு; கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணினால் குறியீடு பதின்மூன்று. ஆக 39 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 14 பைட்டே. தமிழில் பெயர் எழுதுவோர் படிவங்களில் இடம் போதாமல் விழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவாக, நண்பர்களுக்கு ஒரு கணக்கு. சில்லு 2048 × 4096 புள்ளி. புள்ளிக்கு 2 பைட். 8 ஜி.பி. என்று அச்சிட்ட பென்டிரைவில், அதாவது 800 கோடி பைட்டில், இத்தகைய முழுப் படங்கள் எத்தனை அடங்கும்? விடை 476. 512 என்று விடை கண்டவர், விடியற்காலையில் 36 படங்களை வைக்க இடமின்றி நிற்பார்.