ட்ரோனுக்கு சிக்னல் அறுந்தால்?



மருந்து தெளிக்கும் ட்ரோன் விலை லட்சக்கணக்கில். 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்றார்கள். மீதி? நம்ம குழுவின் கடன்தான். அது கீழே விழுந்தால் தவணை நிற்காது. அதனால் சிக்னல் விஷயத்தை நாமும் தெரிஞ்சுக்கணும்.

ரிமோட்டும் ட்ரோனும் வானொலி அலையில் பேசிக்கொள்கின்றன. பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபை ஓடுகிற அதே அலை. நடுவில் தோப்போ கட்டடமோ மறைத்தால் பேச்சு விட்டுப் போகும். இதற்காகச் சில ட்ரோன்களில் சிம் கார்டு போட்ட 4ஜி டாங்கிள் பொருத்துகிறார்கள். ரிமோட் அலை குறைந்தால் செல்போன் டவர் வழியாகக் கட்டளை போகும். கரண்டு போனால் டீசல் எஞ்சினைப் போடுகிற மாதிரி. ரிமோட்டுக்கும் நெட் வேணும், மறந்துடாதீங்க.

இதை முழுசா நம்பவும் முடியாது. டவர் ஆன்டெனாக்கள் தரையில் இருக்கிற நமக்காகக் கீழே சாய்த்து வைத்தவை. உயரே போன ட்ரோனுக்கு ஒரே நேரத்தில் பல டவர்கள் தெரியும். அலைகள் ஒன்றையொன்று குழப்பும். நம்ம போனில் நாலு கோடு காட்டினாலும் மேலே அப்படி இருக்காது. டவரே எட்டாத வயலிலோ டாங்கிள் வெறும் சுமை.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: சிம் போடும் இடம் கட்டளைக்கா, இல்லை இடத்தைத் துல்லியமாகக் காட்டும் ஆர்டிகேவுக்கு மட்டுமா? விவசாய ட்ரோனில் பல சமயம் இரண்டாவதுதான். அப்படியானால் ரிமோட் அறுந்தபோது சிம் கைகொடுக்காது. தானாகத் திரும்பி வரும் உயரத்தை, பக்கத்தில் நிற்கும் உயரமான தென்னைக்கும் மேலே வைத்த பிறகே கிளப்புங்கள்.