பழைய கணிப்பொறியில் பெரிய ஹார்டு டிஸ்க்

அத்திபெலேயில் என் அடுத்த வீட்டு அன்பர், மகன் படித்த காலத்துப் பழைய கணிப்பொறிக்காக எஸ்.பி. ரோட்டில் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். மாட்டினால் பாதி இடம்தான் பயன்படுகிறது. மீதி 1,678 ஜிகாபைட் கறுப்புப் பட்டையாய் நிற்கிறது. "சார், ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினார். முப்பது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஓசூர் ரோட்டு நெரிசலில்! காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். கடைக்காரர் மேல் குற்றமில்லை.

ஹார்டு டிஸ்க்கில் உள்ள இடம் 512 பைட் கொண்ட சிறு அறைகளாக எண்ணப்படுகிறது. எந்தப் பிரிவு எந்த அறையில் தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் பட்டியலே எம்.பி.ஆர். இது 1983-இல் வந்தது. அறை எண் எழுத அதில் 32 பிட் மட்டுமே உண்டு. ஆகவே 429 கோடி அறைகளுக்கு மேல் எண் கிடையாது. 512-ஆல் பெருக்கினால் சுமார் 2.2 லட்சம் கோடி பைட். ஐந்து இலக்கம் மட்டும் எழுதக்கூடிய பலகையில் லட்சமாவது வேகனுக்கு எப்படி எண் போடுவது? வேகன் யார்டில் நிற்கும், கணக்கில் வராது. முன்பு 28 பிட் எண்ணால் 137 ஜிகாபைட்டிலும் இதே முட்டுக்கட்டை இருந்தது.

இதைவிட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. சில பழைய டிரைவர் மென்பொருள்களில் 3 டெராபைட் டிஸ்க், 746 ஜிகாபைட் என்று தெரியும். மீட்டர் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்த கதைதான். அப்படித் தெரிந்தால் எதையும் பதியாதீர்கள். எல்லை தாண்டி எழுதுவது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்து, இருப்பதையும் அழித்துவிடக்கூடும்.

மாற்று வழி ஜி.பி.டி. பட்டியல். அதில் எண்ணுக்கு 64 பிட். விண்டோஸ் 7 உள்ள பழைய பயாஸ் கணிப்பொறியும் ஜி.பி.டி. டிஸ்க்கைத் தகவல் சேமிக்க ஏற்கும். ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. எனவே பூட் செய்யப் பழைய டிஸ்க்கே இருக்கட்டும். சாதாரண 32 பிட் எக்ஸ்.பி.க்கு ஜி.பி.டி. படிக்கவே தெரியாது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜி.பி.டி.க்கு மாற்றுமுன் அந்த டிஸ்க்கிலுள்ள பிரிவுகளையெல்லாம் அழிக்க வேண்டும். அன்பரோ தம் காலஞ்சென்ற தந்தையாரின் சதாபிஷேகப் படங்களைப் புதிய டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, பழையதைக் காலி செய்ய இருந்தார்! நல்ல வேளை, செய்யவில்லை. படங்களை முதலில் ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்தோம். அழிக்குமுன் டிஸ்க்கின் எண்ணையும் அளவையும் இருவரும் உரக்கப் படித்துச் சரிபார்த்தோம். ரயில்வேப் பழக்கம், விடவில்லை.

பழைய பவர் சப்ளையில் சாட்டா முனை இல்லாவிட்டால் நான்கு முள் முனையிலிருந்து மாற்றி போடலாம். ஆனால் மலிவான வார்ப்பு மாற்றிகள் சூடேறிக் கருகியதுண்டு. இருபது ரூபாய் மிச்சம் பார்க்காதீர்கள்.

மாலையில் திரையில் 3.63 டெராபைட் வந்தது. "மீதி 0.37 எங்கே சார்?" என்றார் அன்பர். டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் என்றேன். இரண்டாவது காப்பி அவர் வீட்டில்.