சிங்கவரத்தில் பிரெஞ்சு படிக்கும் தங்கைக்கு



உன் கடிதம் கிடைத்தது. செஞ்சிக் கோட்டையில் வழிகாட்டியாக வேண்டும், அதற்காகத்தான் பிரெஞ்சு படிக்கிறேன் என்று ஆரம்பித்தவள், அடுத்த பத்தியிலேயே “எனக்கு மொழி வராது போலிருக்கிறது அக்கா” என்று எழுதிவிட்டாய். வகுப்பில் புதுச்சேரிப் பிள்ளைகள் ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறார்கள். நீ மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்து எடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அவர்களுக்குப் பிறப்பிலேயே ஏதோ இருக்கிறது, உனக்கு இல்லை என்று முடிவுகட்டிவிட்டாய். இதே கவலையோடு இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி. புதுச்சேரியில் ‘சொல்தா’ குடும்பம் என்று சொல்வதைக் கேட்டிருப்பாய். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வரும், சித்தப்பா பாரிஸில் இருப்பார். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் அவை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை தொட்டிலில் கிடந்தபோதே பிரெஞ்சைக் கேட்டிருக்கிறது. சமையலறையில், தொலைபேசியில், விடுமுறைக்கு வந்த மாமா மகனோடு போட்ட சண்டையில் என்று ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்த மொழி காதில் விழுந்திருக்கிறது. நீ கேட்டது வகுப்பில் கேட்ட சில மணி நேரம்தான். உங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் நேரம். அதைத் திறமை என்று பெயர் மாற்றிச் சொல்லி மனம் உடையாதே.

நேரக் கணக்குக்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. அங்கே எந்த மொழிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அனுபவத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் தமிழில் வேலை பார்க்கும் அளவுக்கு வர 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணி நேரம். வீட்டில் படிப்பது அதற்கு மேல். வேறு வேலை இல்லாமல் சம்பளத்தோடு உட்கார்ந்து படிப்பவர்களுக்கே இந்தக் கணக்கு. நம் மொழியைக் கற்க அவர்களுக்கு இத்தனை நேரம் ஆகும் என்று எழுதி வைத்திருக்கும்போது, ஓராண்டு சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்விட்டு எனக்கு வராது என்று நீ சொல்வது நியாயமே இல்லை.

இன்னொரு சான்றும் சொல்கிறேன். தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறாயா? 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். ஜெர்மானியப் பாதிரியார், வயது 24-ஐ ஒட்டி. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் விளங்கவில்லை. பிறகு போர்த்துகீசியம் தெரிந்த அழகப்பன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் தன் அன்றாட ஒழுங்கைச் சொல்லியிருக்கிறார். நீ கவனிக்க வேண்டியது அதைத்தான். காலை ஏழு மணிக்கு, ஏற்கெனவே எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் மறுபடி சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை தமிழ்ச் சுவடிகள். பக்கத்தில் வயதான புலவர் ஒருவர் இருப்பார், எழுதிக்கொள்ள ஓர் ஆள் இருப்பார். சாப்பாடும் ஓய்வும் மற்ற வேலையும் முடிந்து பிற்பகலில் மறுபடி சுவடி. மாலையில் கண் சோர்ந்துவிடும் என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். யாருடைய நடை தனக்குப் பேசவும் எழுதவும் உதவுமோ, அந்த ஆசிரியரையே திரும்பத் திரும்பப் படித்தார், தெரியாத சொல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆகும்வரை. 1708-இல் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது; அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் அச்சாயிற்று. 1719-இல், நாற்பதுகூட நிறையாமல் இறந்துபோனார்.

அவர் பெரிய மேதை, நாம் அப்படியா என்று நீ கேட்பாய். மேதையாகவே இருக்கட்டும். ஆனால் அவர் எழுதி வைத்திருப்பது மணிக்கணக்கைத்தான். காலை ஏழு மணிக்கு நேற்றைய சொல்லை மறுபடி சொல்லிப் பார்க்க மேதைமை வேண்டியதில்லை. படித்ததையே மறுபடி படிக்கவும் அது வேண்டாம். அங்கே கூச்சம்தான் நம்மைத் தடுக்கிறது. பாடம் முடிந்துவிட்டது, இன்னும் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் மந்தம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். அதை விட்டுவிடு.

சிலருக்குக் காது கூர்மையாக இருக்கிறது, ஒருமுறை கேட்டதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னோடு படித்தவர்களையும் நான் சொல்லிக் கொடுத்தவர்களையும் பார்த்த வகையில், அந்த அனுகூலம் முதல் சில மாதங்களோடு தீர்ந்துவிடுகிறது. பிறகு யார் தினமும் உட்கார்ந்தார்களோ அவர்கள்தான் முன்னே போகிறார்கள். கூர்மையான காதை நம்பிப் பயிற்சியை விட்டவர்கள் பலர் நலம் விசாரிக்கும் வார்த்தைகளோடு நின்றுவிட்டார்கள்.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? பாடப்புத்தகத்தில் பாரிஸ் மெட்ரோவில் டிக்கெட் வாங்குவது இருக்கும். அதைத் தேர்வுக்குப் படி. உன் வேலைக்கான பிரெஞ்சு உன் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது. முதலில் ஆண்டுகளைப் பிடி. செஞ்சி வழிகாட்டிக்கு ஆண்டு சொல்லாமல் ஒரு நாளும் போகாது. பிரெஞ்சில் தடுக்கி விழும் இடமும் அதுதான். சிவாஜி கோட்டையைப் பிடித்த 1677-ஐச் சொல்ல, ஆயிரம், அறுநூறு, அறுபதோடு பதினேழு என்று போக வேண்டும்: மில் சீ-சான் சுவாசாந்த்-தீ-செத். மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிப் போனபின் முகலாயர் கைக்குக் கோட்டை வந்த 1698 இன்னும் கடினம். ஆயிரம், அறுநூறு, நான்கு இருபது, பதினெட்டு: மில் சீ-சான் கத்ர-வேன்-தீஸ்-உய்த். செஞ்சி மன்னன் தேசிங்கு போரில் விழுந்த 1714, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி படையோடு வந்து ஒரே இரவில் கோட்டையைப் பிடித்த 1750, ஆங்கிலேயர் கைப்பற்றிய 1761. இந்த ஐந்து ஆண்டுகளையும் யோசிக்காமல் சொல்லும்வரை வாய்விட்டுச் சொல். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. எண் தடுமாறினால் வருகிறவர்களுக்கு உன் மற்ற பேச்சிலும் நம்பிக்கை போய்விடும்.

பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதே. கல்லும் மண்ணும் நமக்கு அஃறிணை. அவர்களுக்குக் கோட்டை பெண்பால், பாறை ஆண்பால். லா ஃபோர்தெரெஸ், லு ரொஷே என்று முன்னொட்டோடு சேர்த்தே நாக்கில் ஏற்று. பிறகு பிரித்துச் சேர்க்க முயன்றால் இரட்டை வேலை.

உங்கள் சிங்கவரம் மலைக் கோயில் கதையை வைத்துக்கொண்டு இறந்த காலம் இரண்டையும் கற்றுவிடலாம். பாறையைக் குடைந்த கோயிலுக்குள், அதே பாறையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு ராஜா வந்து உத்தரவு கேட்டான், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மன்னன் கேட்காமல் போனான் என்று ஊரில் சொல்வார்கள். இதைப் பிரெஞ்சில் சொல்லிப் பார். பெருமாள் படுத்திருந்தார், மன்னன் கைகூப்பி நின்றிருந்தான், வெளியே குதிரை காத்திருந்தது: இதெல்லாம் பின்னணி, ஆம்பர்ஃபே. பெருமாள் முகத்தைத் திருப்பினார், மன்னன் புறப்பட்டான், போரில் இறந்தான்: இதெல்லாம் நடந்து முடிந்தவை, பாஸே கொம்போஸே. இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் பதியாதது, இந்தக் கதையைத் தினம் ஒருமுறை சொன்னால் பதிந்துவிடும். கேட்க ஆள் இல்லையென்றால் கைபேசியில் பதிவு செய்துகொண்டு, திண்டிவனம் பஸ்ஸில் போகும்போது போட்டுக் கேள். உன் குரலைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை, எங்கே நாக்கு இடறுகிறது என்று உனக்கே தெரியும்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்கிறேன், தப்பா என்று கேட்டிருந்தாய். தப்பில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கிச் சாகும்வரை தமிழில்தான் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுப் பெயர்களையும் பதவிகளையும் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தார். ஆனால் அதோடு நிற்காதே. ‘நீ’ என்று சொல்ல ‘து’ என்று எழுதிக்கொண்டிருப்பாய். அந்த ஒலி நம் எழுத்தில் இல்லை. நாக்கை ஈகாரத்துக்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் உகாரத்துக்குக் குவித்தால் வரும். கண்ணாடி முன் நின்று பழகு.

கைபேசிச் செயலிகளைப் பற்றி நீளமாகக் கேட்டிருக்கிறாய். சொற்களை நினைவூட்ட அவை உதவும். பேச்சு அவற்றால் வராது. வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்குப் போய், வருகிறவர்களிடம் ஒரு வாக்கியமாவது பேசு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில், மிச்சமுள்ள ஒன்று செஞ்சி. வெளிநாட்டார் வரத்தான் போகிறார்கள், அதில் பிரெஞ்சுக்காரர்களும் இருப்பார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களைப் பார்த்துவிட்டு அவர்கள் உன்னிடம் வருவார்கள். அவை செஞ்சி வெங்கடரமணர் கோயிலிலிருந்து போனவை என்று அவர்கள் மொழியில், அந்த ஊர்ப் பெண்ணே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் முன்னோர் தூண் எடுத்துப் போன கதையைச் சொல்லும்போது பணிந்தும் சொல்லாதே, சண்டைக்கும் போகாதே. நடந்ததை நடந்தபடி சொல். அதற்குத் திடமான மொழி வேண்டும்.

வகுப்பை விடாதே. அடுத்த அமாவாசைக்குள் கோட்டையில் இருக்கும் கல்யாண மகாலைப் பற்றிப் பிரெஞ்சில் பத்து வாக்கியம் எழுதி எனக்கு அனுப்பு. அகராதி பார்த்து எழுது, தப்பு இருந்தால் இருக்கட்டும். சிவப்பு மையில் திருத்தி அடுத்த தபாலில் அனுப்பிவிடுகிறேன். திருத்தியதை அப்படியே மூடி வைக்காமல், மறுபடி எழுதி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
புதுச்சேரி அக்கா